நடுத்தர விலைக் கைப்பேசியைத் தேர்ந்தெடுத்தல்

15,000 ரூபாய்க்கும் 30,000 ரூபாய்க்கும் இடைப்பட்ட விலையில் ஒரு கைப்பேசி வாங்க உத்தேசித்திருப்பவர், கடைக்குப் புறப்படுவதற்கு முன்பாக, கேமராவைப் பற்றியோ திரையின் அளவைப் பற்றியோ யோசிக்கத் தொடங்காமல், தாம் வாங்கப்போகும் சாதனம் எத்தனை ஆண்டுகள் தம் கையில் நம்பிக்கையுடன் இயங்கவேண்டும் என்ற ஒரே கேள்விக்கு முதலில் விடை சொல்லிக்கொள்வாரானால், அவருடைய வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். மிக விலையுயர்ந்த கைப்பேசியை வாங்குகிறவருக்கு இரண்டாண்டில் அதை மாற்றிவிடும் வசதி பெரும்பாலும் இருக்கும். மிக மலிவானதை வாங்குகிறவர் அதனிடம் அதிகமாக எதிர்பார்ப்பதில்லை. நடுவிலுள்ள இந்த வகையை வாங்குகிறவரோ, மாதச் சம்பளத்தில் கணிசமான ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கி, நாலைந்து ஆண்டுகளாவது அதை வைத்துக்கொள்ள விரும்புகிற சாமானியக் குடும்பஸ்தர். அவருக்கு ஆண்டுக் கணக்கே பிரதானம். மற்ற அம்சங்கள் யாவற்றையும் அந்தக் கணக்கை முன்வைத்தே இந்த அத்தியாயத்தில் ஆராய்ந்து பார்க்கிறேன்.

இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியபோது நிகழ்ந்தது. அன்றைக்கு அது பேசுவதற்கான கருவி மாத்திரமே. பழசாகிவிட்டால் குரல் கொஞ்சம் மங்கும், பேட்டரி சீக்கிரம் தீரும், அதற்குமேல் நஷ்டம் ஒன்றுமில்லை. இன்றோ வங்கிக் கணக்கும், சமையல் எரிவாயுப் பதிவும், ரேஷன் கடையில் பொருள் வாங்கிய விவரமும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், மருத்துவர் கொடுத்த பரிசோதனை முடிவும் அந்த ஒரு சாதனத்துக்குள் வந்து தங்கிவிட்டபடியால், அதன் மென்பொருளில் உண்டாகும் ஓட்டைகளை அவ்வப்போது அடைத்துக்கொடுக்கும் கடமை தயாரித்த நிறுவனத்தினுடையதாகிறது. அப்படி அடைத்துக்கொடுப்பதைத்தான் கடைக்காரர்கள் அப்டேட் என்கிறார்கள். அதை எத்தனை ஆண்டுகள் கொடுப்பார்கள் என்பதை விலைச்சீட்டில் அச்சிடுவதில்லை. நாமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஆண்ட்ராய்டின் பதிப்பையே உயர்த்தும் பெரிய புதுப்பிப்பு ஒன்று. பாதுகாப்புக்காக மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வரும் சிறிய புதுப்பிப்பு மற்றொன்று. முதலாவது நின்றுவிட்டாலும் சில காலம் தள்ளிவிடலாம். இரண்டாவது நின்றுபோன கைப்பேசியில் வங்கிப் பரிவர்த்தனை செய்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். 2023இல் கூகுள் தன் பிக்சல் 8 கைப்பேசிக்கு ஏழாண்டுப் புதுப்பிப்புகளை வாக்களித்தது. அது விலையுயர்ந்த வகையைச் சேர்ந்தது என்று கருதி நாம் ஒதுங்கியிருந்த வேளையில், 2024 அக்டோபரில் சாம்சங் நிறுவனம் நடுத்தர வகுப்பினருக்கான கேலக்ஸி ஏ16 5ஜி மாதிரிக்கும் ஆறாண்டு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டது. அதே விலைக்கு இரண்டு ஆண்டு மட்டுமே வாக்களிக்கும் கைப்பேசிகளும் அதே அலமாரியில், அதைவிடப் பளபளப்பான பின்புறத்தோடு வைக்கப்பட்டிருக்கின்றன. 18,000 ரூபாய்க்கு வாங்கிய ஒன்று இரண்டாண்டில் பாதுகாப்பை இழக்குமானால் ஆண்டொன்றுக்கு 9,000 ரூபாய் செலவாகிறது. 24,000 ரூபாய்க்கு வாங்கிய மற்றொன்று ஆறாண்டு நிற்குமானால், நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றுவதற்கு 3,000 ரூபாய் சேர்த்தாலும், ஆண்டுக்கு 4,500 ரூபாய்தான் ஆகிறது. விலை குறைந்ததே சிக்கனமானது என்ற அபிப்பிராயம் இந்த விஷயத்தில் எவ்வளவு தவறானது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே கவனிக்கவேண்டிய சூட்சுமம் ஒன்றுண்டு. வாக்களிக்கப்படும் ஆண்டுகள் பெரும்பாலும் அந்த மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றனவேயன்றி நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஒன்றரை வருஷத்துக்கு முன் வெளிவந்த கைப்பேசியைப் பண்டிகைக் காலத் தள்ளுபடியில் வாங்குகிறவர், விலையில் லாபம் அடைந்த அதே கணத்தில் ஆயுளில் ஒன்றரை வருஷத்தை இழந்துவிடுகிறார். நான்காண்டு வாக்குறுதியில் அது சிறிய நஷ்டமன்று, ஆறாண்டு வாக்குறுதியில் தாங்கக்கூடியதே. ஐரோப்பிய ஒன்றியம் 2025ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி முதல், அங்கே விற்பனைக்கு வரும் புதிய கைப்பேசி மாதிரிகளுக்கு, விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் ஐந்தாண்டுகள் மென்பொருள் புதுப்பிப்புக் கிடைக்கவேண்டும் என்றும், அவற்றின் பேட்டரி 800 முறை மின்னேற்றம் செய்யப்பட்ட பின்னும் தன் கொள்ளளவில் 80 சதவீதத்தையாவது தக்கவைத்துக்கொள்ளவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இன்னும் ஏற்படவில்லை. ஏற்படவேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். அதுவரையில், நிறுவனத்தின் வாக்குறுதியை அதன் சொந்த அறிவிப்பிலேயே படித்து உறுதிசெய்துகொள்வது வாங்குகிறவரின் பொறுப்பாகவே இருக்கிறது.

இனி உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு வருவோம். ஸ்னாப்டிராகன், டைமென்சிட்டி, எக்ஸினோஸ் என்று பெயர்கொண்ட செயலிகளில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் அநேகர் பொழுதைச் செலவிடுகிறார்கள். மூன்றிலும் நல்லவை உண்டு, சுமாரானவையும் உண்டு. எட்டுக் கருக்கள் என்று விளம்பரத்தில் படிக்கும்போது எட்டும் சமபலமுள்ளவை என்று எண்ணிவிடலாகாது. சில செயலிகளில் இரண்டு மட்டுமே வலிமையுள்ளவை, மீதி ஆறும் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கான சிறியவை. வேறு சிலவற்றில் நான்குக்கு நான்கு என்று பகுக்கப்பட்டிருக்கும். நெடுநாள் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் இரண்டாவது வகையையே நாடுவது நல்லது; இன்று இலகுவாக ஓடும் ஆப்கள் மூன்றாண்டு கழித்துப் பாரமாகிவிடும்போது அந்த உபரி வலிமை பயன்படும்.

செயலியைவிட அதிகமாக ஏமாற்றத்தைத் தரும் இடம் நினைவகம். ரேம் 6 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம். 8 ஜிபி இருந்தால் நிம்மதி. 8 ஜிபி ரேம் உள்ள கைப்பேசியின் பெட்டியில் 16 ஜிபி என்று பெரிய எழுத்தில் போட்டு, அதில் பாதி ‘விர்ச்சுவல்’ என்று சிறிய எழுத்தில் குறித்திருப்பதைக் காணலாம். சேமிப்பகத்தின் ஒரு மூலையை ரேமாகப் பாவித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது, ஆகையால் அந்தக் கூட்டலை மனத்திலிருந்து அழித்துவிட்டே கைப்பேசிகளை ஒப்பிடவேண்டும். சேமிப்பகத்திலும் அளவைப் போலவே இனமும் முக்கியம். ஈ.எம்.எம்.சி. என்ற பழைய இனம் மெதுவானது, யு.எஃப்.எஸ். 2.2 போதுமானது, யு.எஃப்.எஸ். 3.1 என்றால் நன்று. ஓராண்டு ஆனதும் கைப்பேசி மந்தமாகிவிட்டது என்று பலர் குறைப்படுவதற்குச் செயலியைக் காட்டிலும் மெதுவான சேமிப்பகமும் அது நிரம்பி வழிவதுமே பெரும்பாலும் காரணமாயிருக்கின்றன. வாட்ஸப் குடும்பக் குழுக்களில் தினமும் வந்து குவியும் படங்களையும் வீடியோக்களையும் எண்ணிப் பார்த்தால், 128 ஜிபி என்பது இன்று குறைந்தபட்ச அளவே. மெமரி கார்டு போடும் இடம் இருப்பதாகச் சொன்னால், அது இரண்டாவது சிம்முக்கு உரிய இடத்தையே பங்குபோட்டுக்கொள்கிறதா என்பதையும் கேட்டுவிடவேண்டும்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. இந்த விலையில் 5,000 மில்லி ஆம்பியர் மணி என்பது வழக்கமாகிவிட்டது. 6,000க்கு மேற்பட்டவையும் வருகின்றன. அளவு போதுமானதாகிவிட்ட பிறகு ஆயுளே கேள்வி. லித்தியம் அயனி பேட்டரியின் பெரிய சத்துரு வெப்பம். நம்முடைய ஊர்களில் கத்திரி வெயிலின்போது மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டி வழி பார்த்துக்கொண்டு போவதும், மூடிய காரின் முன்பலகையில் வைத்துவிட்டுப் போவதும், மின்னேற்றிக்கொண்டே குழந்தையை விளையாட விடுவதும் அதன் வாழ்நாளைக் கரைக்கும் காரியங்கள். 80 சதவீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும் அமைப்பு இப்போது பல கைப்பேசிகளில் உண்டு. இரவெல்லாம் சார்ஜரில் விட்டுவைக்கும் பழக்கமுள்ளவர் அது இருக்கிறதா என்று பார்த்தே வாங்கலாம். 33 வாட், 45 வாட், 80 வாட் என்று மின்னேற்றத்தின் வேகத்தை உயர்த்திக்கொண்டே போகும் போட்டியில் நமக்குள்ள லாபம் காலை அவசரத்தில் அரைமணி நேரம் மிச்சமாவதுதான். அந்த வேகம் அந்நிறுவனத்தின் சொந்தச் சார்ஜரில் மட்டுமே கிடைப்பதாயிருந்து, அந்தச் சார்ஜர் பெட்டியில் இல்லாமல் தனியே வாங்கவேண்டியதாகவும் இருக்குமானால், அதன் விலையைக் கைப்பேசியின் விலையோடு கூட்டிக்கொண்டே ஒப்பிடுவது நியாயம்.

திரையில் அமோலெட், எல்.சி.டி. என்ற இரு வகையும் இந்த விலைக்குக் கிடைக்கின்றன. கறுப்பு நிறத்தின் ஆழத்திலும் வண்ணங்களின் செழுமையிலும் அமோலெட் மேலானது. ஆனால் அது வெளிச்சத்தைக் குறைக்கும்போது மிக வேகமாக மின்னி மின்னி அணைவதால் சிலருக்குத் தலைவலியும் கண்ணெரிச்சலும் உண்டாவது உண்டு. அப்படிப்பட்ட சுபாவமுள்ளவர் கடையில் திரையின் ஒளியை மிகக் குறைத்துவைத்துச் சில நிமிஷங்கள் எதையாவது வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கவேண்டும். வெயிலில் திரை தெரிகிறதா என்பதை எந்த எண்ணையும் நம்பாமல், கடைக்கு வெளியே தெருவில் நின்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வயலிலும் கட்டட வேலையிடத்திலும் பகல் முழுவதும் இருப்பவருக்கு இதைக் காட்டிலும் அவசியமான பரீட்சை வேறில்லை. ஓரங்களில் வளைந்த கண்ணாடியைத் தவிர்த்துவிடுவது நல்லது. பார்வைக்கு அழகாயிருப்பினும் விழுந்தால் முதலில் உடைவது அந்த ஓரமே. மாற்றுவதற்கும் தட்டையான திரையைவிட அதிகச் செலவாகும்.

கேமராவே பெரும்பாலானோரின் மனத்தை இழுக்கும் அம்சமாதலாலும், விளம்பரங்கள் அதிகமாகக் குழப்புவதும் இங்கேயே ஆதலாலும், இதில் நிதானமாக நிற்கவேண்டும். 50 மெகாபிக்சல் என்று சொல்லப்படும் கேமரா, சாதாரணமாகப் படமெடுக்கையில், அருகருகேயுள்ள நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. அவ்வாறு சேர்ப்பதால் மங்கிய ஒளியில் படம் தெளிவாகிறது என்பதனால் இது குறையன்று. ஆனால் எண் ஒன்றாயிருக்கும் இரண்டு கேமராக்கள் குணத்தில் ஒன்றாயிரா. ஒளியை வாங்கிக்கொள்ளும் உணரியின் அளவு ஒன்றில் 1/1.56 அங்குலம் என்றும் மற்றொன்றில் 1/2.76 அங்குலம் என்றும் குறிக்கப்பட்டிருந்தால், பகுதி எண் சிறிதாயுள்ள முதலாவதே பெரியது. மழை பெய்யும்போது முற்றத்தில் வைத்த அகன்ற அண்டாவில் சேரும் நீர் குறுகிய செம்பில் சேராததுபோல, பெரிய உணரியில் விழும் வெளிச்சம் சிறியதில் விழாது. கோயில் திருவிழாவின் இரவு வெளிச்சத்திலும், கல்யாண வீட்டுப் பந்தலிலும், மின்விளக்கு மங்கிய கூடத்திலும் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும்.

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓ.ஐ.எஸ். என்ற அமைப்பு லென்ஸோடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இருந்தால் இரவுப் படமும் நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவும் நன்றாக அமையும். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர் இதை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை. பின்புறத்தில் மூன்று கண்கள் இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், அவற்றில் இரண்டு 2 மெகாபிக்சல் கண்களாக இருந்தால் அவை எண்ணிக்கைக்காக வைக்கப்பட்டவையே என்று கருதி, ஒரே கண்ணுள்ள கைப்பேசிக்குச் சமமாகவே அதை மதிக்கவேண்டும். கடையில் பரீட்சிக்கும்போது, விளக்கொளியில் ஜொலிக்கும் காட்சிப் பொருளைப் படமெடுப்பதால் பிரயோஜனமில்லை. கடையின் இருண்ட மூலைக்குச் சென்று, நடந்துகொண்டிருக்கும் ஒரு மனிதரை எடுத்துப் பாருங்கள். உங்களுடன் வந்தவரின் முகத்தை எடுத்து, தோலின் நிறம் உள்ளபடி இருக்கிறதா, அநாவசியமாக வெளுத்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். பட்டாவையோ மருந்துச் சீட்டையோ ஒரு தாளையோ படமெடுத்து, நான்கு மூலையிலும் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நம் அன்றாட வாழ்வில் கைப்பேசிக் கேமரா செய்யும் மிக உபயோகமான ஊழியம் அந்த மூன்றாவதுதான் என்பது என் அபிப்பிராயம்.

தமிழில் எழுதவும் படிக்கவும் கைப்பேசி எவ்வளவு இசைகிறது என்பதைப் பரிசோதிப்பவர்கள் ஏனோ மிகச் சொற்பமாகவே இருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16333 என்ற விதிமுறையின் மூன்றாம் பகுதி, நாட்டின் அலுவல் மொழிகளிலுள்ள செய்திகளைக் கைப்பேசி காட்டவல்லதாக இருக்கவேண்டும் என்று வகுத்திருப்பதால், தமிழ் எழுத்துக் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் போய்விட்டது. ஆயினும் அமைப்புப் பக்கங்கள் முழுவதும் தமிழில் வருகின்றனவா, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்கின்றனவா, 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டா, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குலைகின்றனவா என்பனவற்றை வாங்கும்போதே பார்க்கவேண்டும். பெற்றோருக்கோ பாட்டனாருக்கோ வாங்கிக்கொடுக்கிறவர்களுக்கு இது கேமராவைவிடப் பெரிய விஷயம். எழுத்தை இரட்டிப்பு அளவுக்கு உயர்த்தி, அமைப்புகளைத் தமிழுக்கு மாற்றி, அந்த முதியவரிடமே கையில் கொடுத்து ஒரு அழைப்பு விடுக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் திணறும் இடம் எதுவென்பது உடனே தெரிந்துவிடும்.

பேசும் வசதியையும் மறந்துவிடலாகாது. சில நடுத்தரக் கைப்பேசிகளில், காதருகே கொண்டுபோனதும் திரையை அணைக்கவேண்டிய உணரியைத் தனியாக வைக்காமல், வேறு உணரிகளைக் கொண்டு ஊகித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துவிடுகிறார்கள். அதனால் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னம் பட்டு அழைப்புத் துண்டிக்கப்படுவதும், ஒலிவாங்கி அணைந்துவிடுவதும் நேர்கின்றன. கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு இரண்டு நிமிஷம் பேசிப் பார்த்தால் இந்தக் குறை வெளிப்பட்டுவிடும். அலைவரிசைகளையும் கேளுங்கள்: 5ஜி சேவைக்கு என்28, என்78 இரண்டும் இருக்கவேண்டும், இவற்றில் முதலாவது, 2022 ஏலத்தில் ஜியோ எடுத்துக்கொண்ட 700 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்குரியது, சுவர்களைத் தாண்டி வெகுதூரம் செல்லக்கூடியது. பி.எஸ்.என்.எல். சிம் வைத்திருக்கும் கிராமத்தினர் 4ஜியில் 28ஆம் பட்டையும் 1ஆம் பட்டையும் உள்ளனவா என்று பார்ப்பது நலம்.

கடற்கரை மாவட்டங்களில் வசிப்போருக்கு ஒரு விசேஷக் குறிப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தையும் நாகைப் பகுதியையும் தாக்கியபோது பல நாட்கள் மின்சாரம் இல்லாமலும், பல இடங்களில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றும் கிடந்தன. அத்தகைய சமயத்தில் இணையமின்றியே வானிலை அறிவிப்பைக் கேட்க உதவுவது பண்பலை வானொலி. அதை முடக்காமல் வைத்திருக்கும்படி 2023இல் மத்திய மின்னணு அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. வானொலி இயங்குவதற்குக் கம்பியுள்ள இயர்போனே ஆன்டெனாவாகப் பயன்படுகிறதாகையால், 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள கைப்பேசியைத் தேடி வாங்குவது இவர்களுக்கு வீண் பிடிவாதமன்று. நீர்ப்பாதுகாப்பைக் குறிக்கும் ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது நீரையும் பற்றியது. ஐபி54 என்றால் மழைத்தூறல் தெறிப்பதைத் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிஷம் தாங்கும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கடல்நீருக்கு அது பொருந்தாது. எந்த எண் இருந்தாலும் நீர் புகுந்து கெட்டதற்கு உத்தரவாதம் சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

கதிர்வீச்சைப் பற்றி அச்சப்படுவோர் *#07# என்று அடித்தால் அந்தக் கைப்பேசியின் கதிர்வீச்சு அளவு தெரியும்; கிலோவுக்கு 1.6 வாட் என்பதே இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு.

எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களின் கடைவீதிகளிலும் நேரில் பார்த்து வாங்குவதில், மேலே சொன்ன பரீட்சைகளையெல்லாம் செய்துபார்க்கும் சௌகரியம் இருக்கிறது. இணையத்தில் சில சமயம் விலை குறைவு. இரண்டையும் இணைத்து, கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு இணையத்து விலையைக் கடைக்காரரிடம் தெரிவித்தால், பலர் அதற்கு அருகில் இறங்கிவருவார்கள். அப்படி இறங்கிவருகிற கடைக்காரரிடமே வாங்குவதுதான் அவருடைய நேரத்தை நாம் எடுத்துக்கொண்டதற்கு உரிய மரியாதை. பழுது ஏற்பட்டால் எடுத்துச் செல்லும் அதிகாரபூர்வ சேவை மையம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். திரையை மாற்ற என்ன செலவாகும் என்றும் அந்த மையத்திலேயே கேட்டுவையுங்கள். தென்காசியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறிப் போகவேண்டியிருந்தால், வாங்கும்போது மிச்சம்பிடித்த ஆயிரம் ரூபாய் முதல் பயணத்திலேயே போய்விடும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற அழைப்பைச் சற்று ஆராய்ந்தே ஏற்கவேண்டும். வங்கி வட்டியை வசூலிக்கத்தான் செய்கிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையை வியாபாரி விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். அதாவது, முழுப்பணமும் கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி உங்கள் வட்டிக்குப் போகிறது. அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பல வங்கிகளில் செயல்முறைக் கட்டணமும் தனியே சேரும். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கையாகத் தெரிவித்திருக்கிறது. தவணையில் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மொத்தமாகப் பணம் புரட்ட இயலாதவருக்கு அது உதவியே. ஆனால் கடைசியில் கைவிட்டுப் போகும் மொத்தத் தொகை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டு, அதை ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே கையெழுத்திடவேண்டும். கைப்பேசியின் மேலுள்ள 18 சதவீத ஜி.எஸ்.டி. அச்சிட்ட உச்ச விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதைத் தனியாகக் கேட்பவருக்குக் கொடுக்கவேண்டியதில்லை.

பெட்டியைப் பிரித்ததும் *#06# அடித்தால் திரையில் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்கவேண்டும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்பது பதிலாக வரும். பயன்படுத்திய கைப்பேசியை வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது; திருடப்பட்டதாகப் பதிவானவற்றை நாடெங்கும் முடக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புத் துறை 2023 முதல் சஞ்சார் சாத்தி வாயிலாக நடத்திவருவதால், அறியாமல் வாங்கியவரின் பணமும் அதோடு போய்விடும். முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அவர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் வாங்கியவர் பெட்டியைத் திறக்கும்போது தொடக்கம் முதல் இடைவிடாமல் வீடியோ எடுத்துவைத்தால், உள்ளே வேறு பொருளோ பழுதோ இருந்தாலும் வாதாட ஆதாரம் இருக்கும். நியாயம் கிடைக்காதபோது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதிடவும் இடமுண்டு. இதற்கெல்லாம் ரசீது அவசியம். ஐ.எம்.இ.ஐ. எண் குறித்த ஜி.எஸ்.டி. ரசீதைத் தர மறுத்து, அதற்காக விலையைக் குறைப்பதாகச் சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

புதியது கைக்கு வந்த அன்றே பழையதை மாற்றுக்குக் கொடுத்துவிடாமல், ஒரு வாரமாவது இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம். வங்கி ஆப்களும் யு.பி.ஐ. ஆப்களும், பதிவான சிம் இருக்கும் கைப்பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பியே தம்மை மறுபடி இணைத்துக்கொள்கின்றன. ஆகையால் சிம்மை மாற்றியவுடன் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு சிறு தொகையை அனுப்பிச் சரிபாருங்கள். புகைப்படங்களும், தொடர்பு எண்களும், வாட்ஸப் உரையாடல்களும் வந்து சேர்ந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு, பழைய கைப்பேசியில் கூகுள் கணக்கை நீக்கி, அதன் பின்னரே முழு அழிப்பைச் செய்யவேண்டும். இந்த வரிசை மாறினால் அடுத்து வாங்குகிறவர் உங்கள் கடவுச்சொல்லின்றி அதைத் திறக்க முடியாமல் தவிப்பார். பேட்டரி உப்பியிருந்தால் அதை மாற்றுக்கோ விற்பனைக்கோ கொடுக்காமலும், வீட்டுக் குப்பையில் போடாமலும், நிறுவனத்தின் சேவை மையத்திலேயோ அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு சேகரிப்பாளரிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.